மருந்துக்கும் ஈயத்துக்கும் நடுவே ஒரு துணி

இந்தப் பதிவு நீளமானது. "டீச்சர் ஆரம்பிச்சுட்டாங்கடா" என்று நீங்கள் சொல்வது இங்கே மல்லாங்கிணறு வரை கேட்கிறது. பரவாயில்லை, ஒரு டம்ளர் டீயை வைத்துக்கொண்டு படியுங்கள். கடைசியில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு பையன் இப்போது அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருக்கிறான். (பையன் என்கிறேன், அவனுக்கே கல்லூரிக்குப் போகும் மகள் இருக்கிறாள்.) போன மாதம் ஒரு படம் அனுப்பினான். உள்ளங்கையில் ஐந்தாறு வட்டத் துணிகள். நடுவில் கறுப்பாகப் புகை பிடித்து, ஓரம் பிசிறு பிசிறாக இருந்தன. "டீச்சர், இது எதுக்குன்னு சொல்லுங்க பார்ப்போம். தையல் வகுப்புல நீங்க சொன்னதெல்லாம் இதுல இருக்கு" என்று பேசி அனுப்பியிருந்தான்.

ஸ்டவ் துடைத்த துணியோ என்று நினைத்தேன். பிறகு அவனே சொன்னான். அவன் வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பெரியவர் பழங்காலத்துச் சக்கிமுக்கித் துப்பாக்கி வைத்திருக்கிறாராம். அந்த மாநிலத்தில் கிறிஸ்துமஸ் முடிந்ததும் மான் வேட்டைக்கென்று ஒரு பருவம் உண்டு. அதில் சக்கிமுக்கிக் கல் தட்டித் தீப்பொறி எழுப்பும் துப்பாக்கிக்கு மட்டும்தான் அனுமதி. 1974இல் தொடங்கிய வழக்கமாம். அந்தத் துப்பாக்கிக்கு மருந்தும் குண்டும் வாய் வழியாகத்தான் போட வேண்டும். குண்டைச் சும்மா போடக் கூடாது, துணியில் பொதிந்து போட வேண்டும். படத்தில் இருந்தவை சுட்ட பிறகு தரையிலிருந்து பொறுக்கிய துணிகள்.

துப்பாக்கிக்குத் துணி எதற்கு? இந்தக் கேள்வி எனக்கு இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது. அவனிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். நாம் மருந்தோடு வாழ்கிற ஊர்க்காரர்கள் அல்லவா?

முதலில் ஒரு அடிப்படை. கருமருந்தைத் திறந்த வெளியில் கொளுத்தினால் 'புஸ்' என்று எரிந்து போகும். அதையே நாலு பக்கமும் இறுக அடைத்துத் திரி வைத்தால் 'டமார்'. புஸ்வாணத்துக்கும் வெடிக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி இந்த அடைப்புதான். எரியும்போது வருகிற வாயு வெளியேற வழியில்லாமல் திணறும்போதுதான் அதற்கு வலிமை வருகிறது. துப்பாக்கியிலும் அதே கதைதான். குண்டுக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் வாயு அந்தச் சந்து வழியாக ஓடிவிடும். குண்டு வேகம் குறைந்து போகும், எங்கே போகும் என்பதும் தெரியாது.

நான் சிறுமியாக இருந்தபோது நம் ஊர்க் கண்மாய்ப் பக்கம் நரிக்குறவர்கள் வந்து தங்குவார்கள். அவர்கள் கையில் ஆளுயரத்துக்கு ஒரு நாட்டுத் துப்பாக்கி இருக்கும். ஒரு பெரியவர் அதைக் கெட்டிப்பதை அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறேன். முதலில் மருந்து. அதன்மேல் தேங்காய் நாரைச் சுருட்டி வைத்துக் கம்பியால் இடிப்பார். பிறகு ஈயச் சில்லுகள். அவை உருண்டு விழாமல் இருக்க மறுபடியும் நார். அந்த நார்தான் அடைப்பு. அந்தக் குழலின் உட்சுவர் வழவழப்பானது. பல சில்லுகள் ஒரே நேரத்தில் சிதறிப் போய்க் கவுதாரியையோ கொக்கையோ வீழ்த்தும். அதற்கு நாரே போதும். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அவர்களுடைய வேட்டை வாழ்க்கை மெல்ல மெல்ல ஊசி, பாசிமணிக்கு மாறிவிட்டது. பழங்குடியினர் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் சட்டம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அந்தச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் நான் பாடம் சொல்லியிருக்கிறேன் என்பதால் இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

கும்பினிப் படை நம் பக்கத்துப் பாளையங்களை அடக்கத் தூக்கி வந்த துப்பாக்கியும் உட்சுவர் வழவழப்பானதுதான். 'பிரவுன் பெஸ்' என்று அதற்குச் செல்லப் பெயர். குழலின் உள்விட்டம் சுமார் 19 மில்லிமீட்டர், குண்டு 17.5 மில்லிமீட்டர். எவ்வளவு சந்து பாருங்கள்! வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். குண்டு தானாக உள்ளே விழும், நிமிடத்துக்கு மூன்று முறை சுடலாம். ஆனால் குறி? நூறு பேர் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்டால் யார் மேலாவது படும், அவ்வளவுதான்.

குறி தவறாமல் போக வேண்டுமென்றால் குண்டு பம்பரம் மாதிரி சுழல வேண்டும். சுழலும் பம்பரம் நிமிர்ந்து நிற்கும், சுழற்சி நின்றால் சாயும். அதற்காகக் குழலின் உட்சுவரில் மரை மாதிரிப் புரி வெட்டினார்கள். ஆங்கிலேயப் படை 1800இல் கைக்கொண்ட பேக்கர் ரைஃபிளில் இப்படி ஏழு புரிகள். பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் அதற்கும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நீண்ட குழலில் புரி வெட்டித் தந்துகொண்டிருந்தார்கள்.

இப்போதுதான் சிக்கல். புரியைப் பிடிக்கிற அளவுக்குக் குண்டு பெரிதாக இருந்தால் வாய் வழியாக உள்ளே போகாது, சுத்தியால் அடித்துத்தான் இறக்க வேண்டும். சிறிதாக இருந்தால் புரியைப் பிடிக்காது. இந்தச் சிக்கலைத் தீர்த்தது துணி. சற்றுச் சிறிய குண்டை வட்டத் துணியில் பொதிந்து தள்ளினால், துணி நசுங்கிப் புரிக்குள் புகுந்துகொள்ளும். மருந்து வெடிக்கும்போது புரி துணியைத் திருகும், துணி குண்டைத் திருகும். குழல்வாயைத் தாண்டியதும் துணி கழன்று சில அடி தூரத்தில் விழுந்துவிடும். குண்டு மட்டும் சுழன்றபடி தன் வழியே போகும். புரி வெட்டிய இரும்பு குண்டைத் தொடுவதே இல்லை. இரும்புக்கும் ஈயத்துக்கும் நடுவே, நெருப்புக்கும் ஈயத்துக்கும் நடுவே, நிற்பது அந்தத் துணி ஒன்றுதான். நான் இதற்குத் 'துணிச் சில்லு' என்று பெயர் வைத்துக்கொண்டேன். நாம் பாண்டி ஆடிய ஓட்டுச் சில்லு மாதிரியே வட்டமாக இருப்பதால்.

கணக்கு வேண்டுமா? அரை அங்குலக் குழல் என்றால் 12.7 மில்லிமீட்டர். அதற்குப் போடும் குண்டு 12.45. ஒரு பக்கத்து இடைவெளி 0.12 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். துணியின் தடிமனோ சுமார் 0.38. "எப்படி டீச்சர் நுழையும்?" என்று முதல் பெஞ்சு கேட்கும். நல்ல கேள்வி. பருத்தி நூலுக்குள் காற்று இருக்கிறது, இழைக்கும் இழைக்கும் நடுவிலும் காற்று இருக்கிறது. அழுத்தினால் நசுங்கும். நசுங்கியது போக மிச்சம் புரிக்குள் ஒதுங்கும். அதனால்தான் குழல்வாயில் சற்று முறுக்கிக்கொண்டு, உள்ளே போன பின் கம்பிக்கு வழிவிடுகிறது.

இனி துணியைத் தேர்ந்தெடுப்பது. இதைக் கேட்டதும்தான் எனக்குக் குஷியாகிவிட்டது. ஆசிரியர் பயிற்சியில் தையல் கற்றதிலிருந்து இன்று வரை எனக்குப் பிடித்த விஷயம் துணி. அங்கே அவர்கள் விரும்பி வாங்குவது கோடு போட்ட மெத்தைத் துணியாம். நம் வீட்டு இலவம்பஞ்சு மெத்தைக்குப் போடுவோமே, நீலக் கோடு போட்ட கெட்டித் துணி, அதே ஜாதி. இலவம்பஞ்சு கசியாமல் இருக்கப் பாவும் ஊடையும் நெருக்கமாக நெய்திருப்பார்கள். பஞ்சு கசியாத துணியில் வாயுவும் எளிதில் கசியாது. மல் துணி ஆகாது, கிழிந்துவிடும். பழைய வேட்டியும் ஆகாது, துவைத்துத் துவைத்து நைந்திருக்கும்.

புதுத் துணியை அப்படியே வெட்டக் கூடாது. அலசிக் கஞ்சியைப் போக்கி, உலர்த்தி, இஸ்திரி போட வேண்டும். கஞ்சி இருந்தால் துணி விறைத்துக்கொண்டு புரியில் படியாது. தடிமன் பார்க்க அவர்களிடம் கருவி இருக்கிறது. நம் பள்ளி முறையில் பத்து மடிப்பாக மடித்து, அழுத்தி, ஸ்கேலில் அளந்து பத்தால் வகுத்தால் ஏறக்குறைய வந்துவிடும். பிறகு ஒன்றேகால் அங்குல வட்டமாக வெட்டுவது. பழைய ஆட்கள் வெட்டியே வைக்க மாட்டார்களாம். நீளத் துணியைக் குழல்வாயில் போட்டு, மேலே குண்டை வைத்து அமுக்கி, மிச்சத்தைக் கத்தியால் அறுத்துவிடுவார்கள். அளவு தானாகவே சரியாக வரும்.

அடுத்து எண்ணெய்ப் பசை. கருமருந்து எரிந்தால் பாதிக்கும் மேல் வாயுவாக மாறுவதில்லை. புகையாகவும் கரிப் பிசுக்காகவும் மிஞ்சும். அந்தப் பிசுக்கு குழலில் படிந்தால் அடுத்த குண்டு இறங்காது. பசை தடவிய துணி பிசுக்கை இளக்கிக்கொண்டே இறங்கும், தானும் சீக்கிரம் கருகாது. மெழுகும் மாட்டுக் கொழுப்பும் சேர்ப்பது பழைய வழக்கம். இலக்குப் பலகையில் சுட்டுப் பழகுகிறவர்கள் வாயில் வைத்து எச்சிலால் ஈரமாக்கியும் போடுவார்களாம்.

'வாயில் வைத்து', 'கொழுப்பு' என்றதும் எட்டாம் வகுப்பு வரலாறு நினைவு வருகிறதா? 1857ஆம் ஆண்டு என்ஃபீல்டு துப்பாக்கித் தோட்டா. அதில் துணிக்குப் பதில் காகிதம். மருந்தையும் குண்டையும் ஒரே காகிதத்தில் சுற்றி, குண்டு இருக்கும் முனையில் கொழுப்புத் தடவியிருப்பார்கள். சிப்பாய் மறுமுனையைப் பல்லால் கடித்து மருந்தைக் கொட்டிவிட்டு, காகிதம் சுற்றிய குண்டை உள்ளே தள்ள வேண்டும். அந்தக் காகிதம் செய்த வேலை ஏறக்குறைய நம் துணிச் சில்லு செய்யும் வேலையைப் போன்றதுதான். ஜனவரியில் டம்டம்மில் தொடங்கிய கேள்வி ஒன்றே ஒன்று: "இதில் தடவியிருப்பது என்ன?" பசுவா, பன்றியா? மழுப்பினார்கள். ஜனவரி இறுதியில் "நீங்களே உங்களுக்குப் பிடித்ததைத் தடவிக்கொள்ளுங்கள்" என்று உத்தரவு போட்டார்கள். அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. சந்தேகம் கொழுப்பிலிருந்து காகிதத்துக்கே தாவியது. மே 10ஆம் நாள் மீரட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியும். எழுச்சிக்கு வேறு பல காரணங்கள் இருந்தன, வகுப்பில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஆனால் வாயில் வைக்கப் போகிறவன் "இது என்ன?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல என்பதையும் அப்போது சொல்லியிருக்கிறேன். உடம்பில் படுகிற பொருள் என்னவென்று கேட்கும் உரிமை அந்த உடம்புக்காரருக்கு உண்டு.

சரி, அந்தக் கறுத்த துணிகளை ஏன் பொறுக்கினார்கள்? விடைத்தாள் திருத்துகிற மாதிரித்தான். சுட்ட துணி முழுசாக, நடுவில் மட்டும் புகை பிடித்து, ஓரம் பிசிறியிருந்தால் எல்லாம் சரி. நடுவில் ஓட்டை விழுந்து கருகியிருந்தால் துணி மெல்லியது அல்லது பசை போதவில்லை, வாயு பக்கவாட்டில் தப்பியிருக்கிறது. கத்தியால் அறுத்ததுபோல் கிழிசல் இருந்தால் புரியின் விளிம்பு கூராக இருக்கிறது. குண்டு எங்கே பட்டது என்பதைவிட இந்தத் துணி அதிகம் சொல்லுமாம். கனல் மிச்சமிருந்து காய்ந்த புல்லில் தீப்பிடிக்காமல் பார்ப்பதும் பொறுக்குவதற்கு ஒரு காரணம்.

ஒன்றை அந்தப் பெரியவர் கண்டிப்பாகச் சொன்னாராம். பருத்தி அல்லது லினன் மட்டுமே. பாலியெஸ்டர் ஒரு நூல் கலந்திருந்தாலும் வேண்டாம். அது கருகாது, உருகும். உருகிக் குழலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கடையில் "காட்டன்தான்" என்று சொன்னாலும் நம்பாமல் ஒரு நூலை உருவித் தீயில் காட்டுவார்களாம். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசம் வந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாகும். பாலியெஸ்டர் என்றால் சுருண்டு, உருகி, ஆறியதும் கெட்டி மணியாகிவிடும். "தையல் வகுப்புல நீங்க எங்களுக்குச் செஞ்சு காட்டினது டீச்சர்" என்றான். ஆமாம், காட்டியிருக்கிறேன். இரண்டு நூல், ஒரு மெழுகுவர்த்தி, ஒரு இடுக்கி.

இதைக் கேட்டபோது என் மனசு பென்சில்வேனியாவில் நிற்கவில்லை. நம் பக்கத்துக்கு வந்துவிட்டது.

என்னிடம் படித்த ஒரு பெண். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். பட்டாசு ஆலையில் வேலை பார்த்தாள். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, வேலை முடிந்து நேரே கல்யாண வீட்டுக்குப் போவதற்காக, தீபாவளிக்கு வந்த பளபளப்பான சேலையைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அன்றைக்குப் பார்த்து அவள் இருந்த அறையில் மருந்து தீப்பற்றியது. சின்னத் தீதான், சீக்கிரம் அணைத்துவிட்டார்கள். பக்கத்தில் நூல் சேலை கட்டியிருந்த அக்காவுக்குக் கையில் கொப்புளம். இவளுக்குச் சேலை உருகி இடுப்பிலிருந்து முழங்கால் வரை தோலோடு ஒட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். நர்ஸம்மா தோலிலிருந்து சேலையைப் பிரிக்க முடியாமல் தவித்ததை அவள் அம்மா சொல்லி அழுதார். இவள் என்னைப் பார்த்ததும், "டீச்சர், புதுச் சேலை போச்சு" என்றாள். அந்த நிலையிலும்!

அவள் பிழைத்துவிட்டாள். இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். ஆனால் தரையில் சம்மணம் போட்டு உட்கார அவளால் முடியாது.

பட்டாசு ஆலைகளில் பருத்தி உடைதான் உடுத்த வேண்டும் என்பது விதி. உருகி ஒட்டுவது ஒரு காரணம். இன்னொன்று, நைலானும் பாலியெஸ்டரும் உராயும்போது நிலைமின்சாரம் சேரும். இருட்டில் ஸ்வெட்டரைக் கழற்றும்போது சடசடவென்று பொறி தெரியுமே, அதுதான். நமக்கு அது விளையாட்டு. அலுமினியத் தூள் கலந்த மருந்துக்குப் பக்கத்தில் அது எமன். பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் அந்த மின்சாரம் அவ்வளவாகச் சேராது. நம் வறண்ட காற்றுதான் பட்டாசுத் தொழில் இங்கே வேரூன்ற ஒரு காரணம். பொறி எளிதில் பிறக்கவும் அதே வறட்சிதான் காரணம். அதனால்தான் இரும்புக் கருவி கூடாது, ஆணி அடித்த செருப்பு கூடாது என்று எத்தனையோ கட்டுப்பாடு.

எல்லா விபத்தையும் துணி தடுக்கும் என்று சொல்லவில்லை. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்ததை யாரும் மறக்க மாட்டோம். முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள். அன்று ஆசிரியர் தினம். காலையில் பூக்கொடுத்து வாழ்த்துச் சொன்ன பிள்ளைகளின் முகத்தோடு சாயங்காலம் அந்தச் செய்தியைக் கேட்டேன். அவ்வளவு பெரிய நெருப்புக்கு முன்னால் எந்தத் துணியும் நிற்காது. அதற்கு ஆலைக்காரர்களும் அதிகாரிகளும் விதிப்படி நடக்க வேண்டும். ஆனால் சின்னத் தீ சின்னக் காயத்தோடு போவதா, வாழ்நாள் தழும்பாவதா என்பதைத் துணி முடிவு செய்யும்.

ஏன் நம் பெண்கள் பாலியெஸ்டர் கட்டுகிறார்கள்? விலை குறைவு. அலசிப் போட்டால் உடனே காயும். கசங்காது, இஸ்திரி வேண்டாம். விடியற்காலை ஆலை வண்டிக்கு ஓடுகிறவளுக்கு இதெல்லாம் பெரிய விஷயம். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அதைவிட முக்கியம், அவள் பெட்டியில் இருப்பதில் பாதி அவள் வாங்கியதே அல்ல. தீபாவளிக்கும் பொங்கலுக்கும், சடங்குக்கும் சீமந்தத்துக்கும் நாம் எடுத்துக் கொடுத்தது.

இதைப் பருத்தி விளைந்த கரிசல் மண்ணில் உட்கார்ந்து எழுதுகிறேன். பருத்திமார் வைத்து அடுப்பெரித்த ஊர். அருப்புக்கோட்டையில் இன்றும் தறிச் சத்தம் கேட்கிறது. சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி நெய்கிறார்கள். காயம் பட்ட பிறகு நம் பிள்ளைகளின் உடம்பில் பருத்தி ஏறுகிறது. அதற்கு முன்னாலேயே ஏறட்டும் என்பதுதான் என் ஆசை.

ஆகவே வேண்டுகோள். இந்தத் தீபாவளிக்குச் சொந்தத்தில் யாராவது பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆலைக்கோ வேலைக்குப் போகிறவர்கள் இருந்தால், அவர்களுக்கு நூல் சேலை, பருத்திச் சுடிதார், பருத்திச் சட்டை எடுத்துக் கொடுங்கள். ஒரு பளபளப்புச் சேலைக்குப் பதில் வேலைக்குக் கட்ட இரண்டு நூல் சேலை. உள்பாவாடையும் பருத்தியாக இருக்கட்டும், அதை எல்லோரும் மறந்துவிடுகிறோம். கடையில் "காட்டன் மிக்ஸ்" என்றால் வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே தீயில் காட்டிப் பாருங்கள். சாம்பலானால் சரி, மணியானால் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வெளிநாட்டிலும் சென்னையிலும் இருக்கும் பிள்ளைகளே, ஊருக்குப் பணம் அனுப்பும்போது "அத்தை, மதினிக்கு நூல் சேலையா எடுங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். ஆலையில் மேற்பார்வையாளராக இருக்கும் என் மாணவர்கள் நான்கைந்து பேர் இதைப் படிப்பீர்கள். காலையில் வாசலில் ஆளை எண்ணும்போது சேலையையும் ஒரு பார்வை பாருங்கள் அய்யா. திருப்பி அனுப்பினால் அன்றைய கூலி போகும் என்று எனக்குத் தெரியும். அதனால் நூல் சேலை நாலைந்து ஆலையிலேயே மடித்து வையுங்கள், மாற்றிக் கட்டிக்கொள்ளட்டும்.

ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். மருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அந்தப் பாதிதான் மற்றப் பாதியைக் காப்பாற்றும்.

எல்லோரும் பத்திரமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
மல்லாங்கிணறு